வன்னிப் பாதைக்கு டயர், ரிம், பம்பர்: தெரிவு செய்வது முதல் பூட்டுவது வரை

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், எங்கள் பக்கத்து வயல் பாதைகள் குழைத்த மா மாதிரி ஆகிவிடும். மல்லாவியில் இருந்து என் வயலுக்குப் போக மூன்று வகைப் பாதையைத் தாண்ட வேண்டும். கொஞ்சத் தூரம் தார், பிறகு கிரவல், கடைசியில் குளக்கட்டுக்குக் கீழே வாய்க்காலோடு ஒட்டி ஓடும் மண் தடம். மூன்றுக்கும் இருப்பது ஒரே டபுள் கப் பிக்கப், ஒரே ஐந்து டயர்.

கப், ஜீப் வைத்திருக்கிறவர்கள் டயரும் ரிம்மும் பம்பரும் மாற்ற யோசிக்கும்போது பெரும்பாலும் பம்பரில் தொடங்குகிறார்கள். அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. என் அனுபவத்தில் ஒழுங்கு வேறு: முதலில் டயர், அந்த டயருக்கு ஏற்ற ரிம், காசு மிச்சம் இருந்தால் பம்பர். டயர்தான் நிலத்தைத் தொடுகிறது. மற்ற இரண்டும் அதற்குப் பணிந்து நிற்க வேண்டியவை.

இங்கே ஓடும் ஹைலக்ஸ், டி-மெக்ஸ், எல்200, மொன்டெரோ, டிஃபென்டர் எல்லாம் பெரும்பாலும் வயதான வண்டிகள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 மாசியில்தான். அதனால் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்குத்தான் நாங்கள் புதுச் சாமான் பூட்டுகிறோம். பழைய பெயாரிங், தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த போல் ஜொயின்ற் உள்ள வண்டியில் பெரிய டயரையும் பாரமான இரும்பையும் ஏற்றினால் முதலில் உடைவது அவைதான். ஆகவே டயர் கடைக்குப் போகும் முன் ஒரு நல்ல கராஜில் முன் சில்லுகளை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

படி 1: ஒரு மாதம் பாதையை எழுதுங்கள்

சின்னக் கொப்பி ஒன்றை வண்டிக்குள் போட்டு, ஒவ்வொரு நாளும் எந்த வகைப் பாதையில் எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள் என்று எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது 100 கிலோமீற்றரில் ஏறக்குறைய 70 தார், 20 கிரவல், 10 மண். நான் சேற்றிலேயே வாழ்கிறேன் என்றல்லவா அதுவரை நினைத்திருந்தேன்!

அடுத்தது மண்ணின் வகை. வன்னி முழுவதும் ஒரே மண் இல்லை. மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுப் பாதைகள் செம்மண். காய்ந்தால் கல்லு மாதிரி இறுகும், நனைந்தால் மேல் ஓர் அங்குலம் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், அடி உறுதியாக இருக்கும். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கருங்களி வேறு மாதிரி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மாரியில் டயரின் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு விடாது. முல்லைத்தீவு, நாயாறு, சுண்டிக்குளம் கரையோரம் மணல். உங்கள் வண்டி எந்த மண்ணில் அதிகம் நிற்கிறது என்று தெரியாமல் டயர் வாங்கப் போகாதீர்கள்.

படி 2: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாள்

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டி பிறந்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான். பழைய வண்டியில் அந்தத் தாள் உரிந்து போயிருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். இப்போது பூட்டியிருக்கும் டயரை நம்ப வேண்டாம், முந்தின சொந்தக்காரர் எதைப் பூட்டினாரோ யாருக்குத் தெரியும்.

படி 3: அளவு

265/65 ஆர் 17 என்று இருந்தால், 265 மில்லிமீற்றர் அகலம், அந்த அகலத்தில் 65 வீதம் பக்கச்சுவரின் உயரம், 17 அங்குல ரிம். முழு உயரம் கணக்கிட, 17 ஐ 25.4 ஆல் பெருக்குங்கள், 431.8 வரும். 265 இன் 65 வீதம் 172.25, அது மேலும் கீழும் இருப்பதால் 344.5. கூட்டினால் 776 மில்லிமீற்றர்.

இப்போது மாற்ற நினைக்கும் அளவுகளை இதே மாதிரிக் கணக்குப் பாருங்கள். 265/70 ஆர் 17 என்றால் 803 மில்லிமீற்றர். மூன்றரை வீதம் கூட. மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 103 ஓடுவீர்கள், வண்டி 13 மில்லிமீற்றர் உயரும். 285/70 ஆர் 17 என்றால் 831 மில்லிமீற்றர், 7 வீதம் கூட. அதாவது 107.

என் முதல் பிழை அந்த 285 தான். ஒரு கடையில் "அப்படியே ஏறும்" என்று சொன்னார்கள், ஏறியது. மதகடியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பியபோது மட்கார்ட் உறையை உரசியது. நெல் மூடை ஏற்றிக்கொண்டு குளக்கட்டில் குதித்தபோது அந்த உறையைக் கிழித்தே எடுத்தது. எண்ணெய்ச் செலவு கூடியது, பிரேக் பிடித்தால் முந்தி நின்ற இடத்தில் நிற்கவில்லை. டயரின் சுற்றளவு கூடினால் கியரும் பிரேக்கும் நீளமான நெம்புகோலோடு மல்லுக்கட்டுகின்றன. வண்டியின் சொந்த அளவை விட 3 முதல் 4 வீதத்துக்குள் நின்றால் வெட்டுவதும் வேண்டாம், உயர்த்துவதும் வேண்டாம்.

அகலம் பற்றி ஒரு சொல். அகலமான டயர் எல்லாச் சேற்றுக்கும் நல்லது என்ற எண்ணம் இங்கே ஆழமாக இருக்கிறது. வயல் பாதையில் மேலே குழம்பும் அடியில் இறுகிய மண்ணும் இருந்தால், ஒடுங்கிய உயரமான டயர் குழம்பை வெட்டிக்கொண்டு அடியைத் தொடும். பழைய லான்ட் ரோவர்கள் 7.50-16 டயரோடு வன்னிக் காடெல்லாம் போய்வந்தது அதனால்தான். 16 அங்குல ரிம் உள்ளவர்கள் 235/85 ஆர் 16 ஐ யோசிக்கலாம். அது 265/75 ஆர் 16 இன் உயரமேதான், ஒடுக்கம் மட்டும் 30 மில்லிமீற்றர். மணலுக்கு அகலம் உதவும். ஆனாலும் காற்றைக் குறைத்து டயரை நீளவாக்கில் படிய விடுவது அதைவிடப் பல மடங்கு உதவும்.

படி 4: எந்த வகை

கடையில் மூன்று பெயர் சொல்வார்கள். எச்.டி (HT) வீதி டயர், ஏ.டி (AT) எல்லாப் பாதைக்கும், எம்.டி (MT) சேற்றுக்கு. ஏ.டி க்கும் எம்.டி க்கும் நடுவில் ஆர்.டி (RT) என்று ஒன்றும் இப்போது வருகிறது.

மாங்குளச் சந்திப் பக்கம் டயர் ஒட்டும் ஓர் அண்ணை என் எம்.டி டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, உது கார்த்திகை மார்கழிக்குத்தான். மிச்சப் பத்து மாசமும் தாரிலை அரைச்சுத் தள்ளுறீர்." அவர் விரலை வைத்த இடத்தில் தோள் கட்டிகள் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தேய்ந்தும், வாள் பல் மாதிரி நின்றன. ஏ9 வீதியில் கேட்ட அந்த உறுமல் சத்தத்தின் காரணம் அதுதான். எம்.டி டயரில் ரப்பர் கட்டிகளுக்கு இடையே வெளி அதிகம். சேற்றில் அந்த வெளிதான் மண்ணைக் கடித்துப் பிறகு உதறித் தள்ளுகிறது. நனைந்த தாரில் அதே வெளி பாதகமாகிறது, பிடிக்கும் ரப்பர் குறைவு, பிரேக் தூரம் கூடும். மழை நாளில் பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் மாடு குறுக்கே வந்தால் உங்களைக் காப்பாற்றுவது தாரில் பிடிக்கும் ரப்பர்தான்.

என் தீர்ப்பு இது: உங்கள் கொப்பியில் மண் பாதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாவிட்டால் நல்ல ஏ.டி. மாரி முழுவதும் கருங்களியில் நெல் இழுப்பவர், காட்டோரம் மரம் ஏற்றுபவர் என்றால் எம்.டி. வவுனியா நகரத்துக்குள்ளும் ஏ9 இலும் மட்டும் ஓடும் வண்டிக்கு எச்.டி போதும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இங்கே டயரின் நிலம் தொடும் முகம் குத்துப்படுவதைவிடப் பக்கச்சுவர் கிழிபடுவதுதான் அதிகம். பற்றை வெட்டிய தடத்தில் முதிரை, வீரை அடிக்கட்டைகள் சரிவாக வெட்டப்பட்டு ஈட்டி முனை மாதிரி நிற்கும், புல் மூடியிருக்கும். ஒருமுறை வவுனிக்குளத்து அலைகரைப் பக்கம் எனக்கு அப்படிக் கிழிந்தது. காற்று போன சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இறங்கிப் பார்த்தால் ரிம்முக்கு இரண்டு விரல் மேலே ஒரு வாய், உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. முகத்தில் ஆணி ஏறினால் ஒட்டலாம், பக்கச்சுவர் கிழிந்தால் டயர் முடிந்தது. ஆகவே காட்டுப் பாதைக்காரர் பக்கச்சுவர் கனத்த டயரைக் கேளுங்கள். அளவுக்கு முன்னால் எல்.டி (LT) என்று இருந்தால் அது பாரம் இழுக்கும் வண்டிக்கான கட்டுமானம். அதிலும் சி (C) என்றால் 6 பிளை, அதாவது 6 நூல் அடுக்குக்குச் சமமான வலிமை, டி (D) என்றால் 8, ஈ (E) என்றால் 10. ஈ வகை இரும்பு மாதிரி. வெறும் வண்டியில் உடம்பு குலுங்கும், பாரம் ஏற்றினால் அதன் அருமை தெரியும்.

படி 5: பக்கச்சுவரை வாசித்தல்

அளவுக்குப் பின்னால் 112 எஸ் மாதிரி ஒன்று இருக்கும். 112 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 1120 கிலோ. 110 என்றால் 1060, 115 என்றால் 1215, 121 என்றால் 1450. வண்டியின் சொந்த டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எழுத்து வேக எல்லை, கியூ 160 கிலோமீற்றர், எஸ் 180. எங்கள் வீதிக்கு கியூவே தாராளம்.

டி.ஓ.டி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் பிறந்த நாள். 2319 என்றால் 2019 இன் 23 ஆம் கிழமை. வெளிநாட்டில் கழற்றி வந்த பழைய டயர்கள் மினுக்கிப் பூசப்பட்டு, பூ, அதாவது முகத்தில் வெட்டிய கோலம், ஆழமாக, புதிது மாதிரியே நிற்கும். இலக்கத்தைப் பாருங்கள், பிறகு பூவின் அடியில் நகத்தை வைத்துப் பிளவு இருக்கிறதா பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியதை நான் வாங்குவதில்லை. வன்னி வெயிலில் ரப்பர் சீக்கிரம் காய்கிறது. ரீபில்ட் டயரைப் பாரமும் சூடும் சேரும் இடத்தில், அதுவும் காற்றைக் குறைத்து ஓடும் வண்டியில் போடவே வேண்டாம், மேல் பட்டை உரிந்து வரும்.

மலைக்குள் பனிப் பூ வரைந்த சின்னத்தைக் காட்டி விலை கூட்டுவார்கள். அது பனி பொழியும் நாட்டுக்கானது, எங்களுக்கு அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஐந்தும் ஒரே அளவாக வாங்குங்கள். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றின் சுற்றளவு மட்டும் வேறாக இருந்தால் கியர்ப் பெட்டி முறுகும். பழைய அளவிலேயே ஸ்பெயார் டயரை விட்டுவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அது காட்டுக்குள் பெரிய செலவு வைக்கும்.

படி 6: ரிம்

ரிம்மில் ஐந்து விடயம் பொருந்த வேண்டும். நான்கு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் சில்லு கழன்று ஓடலாம், ஆகவே பொறுமையாக.

துளை வட்டம். ஹைலக்ஸ், பிராடோ, டி-மெக்ஸ், எல்200, மொன்டெரோ, ரேஞ்சர் எல்லாம் ஆறு துளை, 139.7 மில்லிமீற்றர். எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் வரும். நவாரா ஆறு துளைதான், ஆனால் 114.3, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஜிம்னி ஐந்து துளை 139.7, பழைய டிஃபென்டர் ஐந்து துளை 165.1.

நடுத் துளை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஹைலக்ஸின் ஹப், அதாவது ரிம் ஏறி உட்காரும் நடுத் தலை, 106 மில்லிமீற்றர், டி-மெக்ஸ் 100, ரேஞ்சர் 93, மொன்டெரோ 67. ஆறு துளையும் ஒத்துப்போனாலும் டி-மெக்ஸ் ரிம் ஹைலக்ஸில் ஏறாது. ஹைலக்ஸ் ரிம் டி-மெக்ஸில் ஏறும், நடுவில் தளர்வு நிற்கும். தளர்வு இருந்தால் 80 ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். அதற்கு ஹப் வளையம் போட வேண்டும், அளவாகக் கடைந்தது.

ஓஃப்செட். ரிம்மின் பின்புறம் ஈ.டி (ET) 30 மாதிரி அடித்திருக்கும். ஹப்போடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது அது. எண் குறையக் குறைய சில்லு வெளியே வரும். ஈ.டி 30 உள்ள 7.5 அங்குல ரிம்மைக் கழற்றி ஈ.டி 0 உள்ள 8 அங்குல ரிம் பூட்டினால் டயரின் வெளி விளிம்பு 36 மில்லிமீற்றர் வெளியே வரும். அகன்று நிற்கும் வண்டி வடிவாகத்தான் இருக்கும். ஆனால் பெயாரிங்குக்கு நெம்பு கூடும், குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பறிக்கும், சேறு கதவெல்லாம் தெறிக்கும், பொலிஸ் மறிக்கும். சொந்த எண்ணிலிருந்து 10 முதல் 15 குறைத்தால் போதும் என்பது என் எல்லை. இடையில் ஸ்பேசர் வைத்து அகட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண் அழிந்த ரிம் என்றால் வீட்டிலேயே அளக்கலாம். ரிம்மை முகம் கீழே இருக்க நிலத்தில் கிடத்துங்கள். பின் விளிம்பின் குறுக்கே நேரான பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். பலகையிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை நாடாவால் அளவுங்கள், 144 வந்தது என்று வைப்போம். இப்போது ரிம்மின் முழு அகலத்தை விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளவுங்கள், 8 அங்குல ரிம்மில் ஏறக்குறைய 229 வரும். அதில் பாதி 114. 144 இல் 114 போனால் 30. அவ்வளவுதான்.

பாரம். நல்ல அலாய் ரிம்மின் பின்புறம் எத்தனை கிலோ தாங்கும் என்று வார்த்திருக்கும். ஜப்பானியத் தரத்து ஜே.டபிள்யூ.எல், வி.ஐ.ஏ முத்திரைகளும் இருக்கலாம். கார்களுக்கான 600, 700 கிலோ ரிம்கள் துளை ஒத்துப் போவதால் கப்பில் ஏற்றப்படுவதைக் கண்டிருக்கிறேன். நெல் மூடை ஏற்றும் வண்டிக்கு அது ஆபத்து.

கடைசியாக நட். டொயோட்டாவின் சொந்த அலாய் ரிம்முக்கு வரும் நட் தட்டையான வாசர் உள்ளது, உடல் நீண்டு துளைக்குள் இறங்கும். வெளிச்சந்தை அலாய் ரிம்களில் பெரும்பாலானவைக்குக் கூம்பு நட் வேண்டும். பழைய நட்டையே புது ரிம்மில் இறுக்கினால் இறுகிய மாதிரி இருக்கும். உண்மையில் அது விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், சில கிலோமீற்றரில் தளரும். நட்டைக் கையில் எடுத்து ரிம்மின் இருக்கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், முழு வட்டமும் ஒட்ட வேண்டும். மரையும் ஒன்றல்ல. டொயோட்டாவில் விட்டம் 12 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.5, நிசானில் விட்டம் 12 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.25. மாற்றிப் போட்டுத் திருகினால் ஆணி கெடும்.

இரும்பா அலாயா என்று கேட்பீர்கள். இரும்பு பாரம், ஆனால் கல்லில் மோதினால் வளையும், ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ ஏதாவது வெல்டிங் கடையில் தட்டி நிமிர்த்தி அன்றே வீடு வரலாம். அலாய் பாரம் குறைவு, பிரேக்கைக் குளிராக வைக்கும், ஆனால் அடி பலமாக விழுந்தால் வெடிக்கும், வெடித்ததை ஒட்டி ஓடக்கூடாது. கரையோரத்து உப்பு இரும்பைத் தின்னும். காட்டுக்கும் வயலுக்கும் இரும்பு, வீதி அதிகம் என்றால் அலாய் என்று நான் பிரிப்பேன். எதுவானாலும் ரிம்மின் விட்டத்தைக் கூட்டாதீர்கள். 17 ஐ 20 ஆக்கினால் பக்கச்சுவர் ஒடுங்கும், காற்றைக் குறைத்து ஓடவே முடியாது.

படி 7: பூட்டி, சோதித்து, காற்று வைத்தல்

ஐந்தையும் ஏற்றும் முன் ஒரு சில்லை மட்டும் முன்பக்கம் பூட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பிறகு ஒரு பக்கச் சில்லை வரம்பிலோ மேட்டிலோ ஏற்றி, அமுங்கிய நிலையில் மறுபடி ஒடியுங்கள். மட்கார்ட் உறை, பம்பரின் பின் விளிம்பு, செசியின் முன் தாங்கி, சில்லைத் தாங்கும் மேல் கை இந்த நான்கிலும் ஒரு விரல் போகும் இடைவெளியாவது இருக்க வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் பரவாயில்லை, நில்லுங்கள்.

காற்றுக்கு ஒரு நல்ல கேஜும் சின்னக் கம்ப்ரசரும் வாங்குங்கள். பெரிய டயருக்குக் கொடுக்கும் காசைவிட இது மிகக் குறைவு, பயன் கூட. தாரில் ஸ்டிக்கர் சொல்வது. எல்.டி டயர் என்றால் சில பிஎஸ்ஐ கூட்டி. நீண்ட கிரவலில் கால் பங்கு குறையுங்கள், குலுக்கலும் கல் வெட்டும் குறையும். சேற்றில் 20 முதல் 22, சுண்டிக்குளத்து மணலில் 16 முதல் 18. பதினைந்துக்குக் கீழே இறங்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழரலாம். மணலுக்குக் குறைத்த காற்றோடு மணிக்கு 30 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம், தாருக்கு ஏறும் முன் நிரப்புங்கள். குறைந்த காற்றோடு தாரில் ஓடினால் டயர் சூடேறி உள்ளே நூல் அறும்.

இன்னொன்று. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. உயர்ந்த டயர் போட்டவருக்கு வான் பாயும் நீரைக் கடக்கத் துணிவு வரும். டயருக்குள் இருப்பது காற்று. பெரிய டயர் வண்டியை மிதக்க வைக்கும், ஓடும் நீர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எந்த டயரோடும் இறங்காதீர்கள்.

படி 8: பம்பர்

ஏன் வேண்டும் என்று முதலில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். குளக்கட்டில் ஏறும்போது முன் பிளாஸ்டிக் நிலத்தில் இடிக்கிறது என்றால் நியாயம். கீழே வெட்டி உயர்த்திய பம்பர் ஏறு கோணத்தைக் கூட்டும். இழுத்தெடுக்கும் கொளுக்கியும், புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் வேண்டும் என்றால் அதுவும் நியாயம். மாட்டுக்காக என்றால் பாதி நியாயம், இரவில் ஏ9 இல் படுத்திருக்கும் மாடு ரேடியேற்றரை உடைக்காமல் தடுக்கும். யானைக்காக என்றால் எந்த இரும்பும் உதவாது. தூரத்தில் நிறுத்தி விளக்கைத் தணித்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எங்கள் வீதிகளில் சைக்கிளில் வரிசையாகப் போகிறார்கள். பிளாஸ்டிக் பம்பர் அமுங்கும், ஜிஐ குழாயில் செய்த கூர் மூலை அமுங்காது. ஆகவே எதைச் செய்தாலும் மூலைகள் உருண்டிருக்க வேண்டும், வண்டியின் அகலத்தைத் தாண்டக்கூடாது, தலையுயரக் குழாய் வளையங்கள் வேண்டாம். இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுப்பதில்லை.

எயார்பேக் உள்ள வண்டி என்றால் அந்த மொடலுக்கென்றே செய்த, அமுங்கும் தாங்கி உள்ள பம்பரைத்தான் போட வேண்டும். முன் பம்பருக்குப் பின்னால் மோதலின் வேகத்தை மெதுவாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதை வெட்டி எறிந்து இரும்பைச் செசியோடு நேராக வெல்ட் பண்ணினால் எயார்பேக் வெடிக்க வேண்டிய நேரம் தப்பும். எயார்பேக் இல்லாத பழைய டிஃபென்டர், பழைய ஹைலக்ஸ் வைத்திருப்பவர் ஊர் வெல்டிங் கடையில் செய்யலாம். உடம்புக்கு 3 மில்லிமீற்றர் தகடு, செசித் தாங்கிக்கு 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல், ஆணிகள் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அடித்தவை. வெல்ட் பண்ணிப் பூட்டுவதைவிட ஆணியால் பூட்டுவது நல்லது, பிறகு கழற்றிச் செப்பனிடலாம்.

பாரத்தை எடை போடுங்கள். ஓர் இரும்பு முன் பம்பர் 40 முதல் 70 கிலோ, வின்ச் அதற்கு மேல் இன்னொரு 25 முதல் 40. முன் அச்சுக்கு முன்னால் எப்போதும் ஓர் ஆளை உட்கார வைத்த மாதிரி. முன் ஸ்பிரிங் அமுங்கும், ஏறு கோணத்தில் லாபம் எடுத்ததில் பாதி போய்விடும். கனத்த ஸ்பிரிங்குக்கும் சேர்த்துக் காசு எண்ணுங்கள். சித்திரை வெயிலில் பாரம் இழுக்கும் வண்டிக்கு ரேடியேற்றர் முன்னால் காற்று தடையின்றி வர வேண்டும். முழுத் தகடு, வரிசையாக விளக்குகள், நடுவில் பெயர்ப் பலகை என்று மூடிவிட்டால் எஞ்சின் கொதிக்கும்.

வின்ச் என்றால் வண்டியின் முழுப் பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். பாரத்தோடு மூன்று தொன் வரும் டபுள் கப்புக்கு 10000 இறாத்தல் வின்ச், அதாவது ஏறக்குறைய 4500 கிலோ. மரத்தில் கட்டும்போது அகலப் பட்டி போட்டுக் கட்டுங்கள், பாலை மரத்தின் பட்டை அறுபடாது, கயிறும் அறாது. இழுக்கும் கயிற்றின் மேல் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு எல்லாரும் விலகி நில்லுங்கள்.

வின்ச் இல்லாவிட்டாலும் முன்னாலும் பின்னாலும் உறுதியான இழுவைக் கொளுக்கி அவசியம். செசியில் இரண்டு ஆணிக்குக் குறையாமல் பூட்டியது, 4.75 தொன் என்று அடித்த வில் சக்கிளோடு, அதாவது கயிறு மாட்டும் வில் வடிவ இரும்பு வளையத்தோடு. சேற்றில் புதைந்தால் ஊரில் ஓடி வருவது உழவு இயந்திரம். அது இழுக்கும் இழுவையில் பம்பர் குழாயோ, டிரெயிலர் மாட்டும் குண்டோ கழன்று பீரங்கிக் குண்டு மாதிரிப் பறக்கும். அந்தக் குண்டில் கயிறு போடவே கூடாது, உலகம் முழுவதும் இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பின் பம்பருக்குப் பெரிதாகச் சொல்ல இல்லை. கொளுக்கி பலமாக, இறங்கு கோணம் குறையாமல், பின் விளக்குகள் மறையாமல் இருந்தால் சரி.

பூட்டும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

படி 9: முதல் நூறு கிலோமீற்றர்

பூட்டிய அன்றே சில்லு நேர்ப்படுத்தல் செய்யுங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டையும் நட்சத்திர ஒழுங்கில் மறுபடி இறுக்குங்கள். புது ரிம் இருக்கையில் படிவதால் முதல் இறுக்கம் கொஞ்சம் தளரும். பம்பர் ஆணிகளையும் அப்போதே பாருங்கள். ஒவ்வோர் ஆணித் தலையிலும் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்து விட்டால், பிறகு கண்ணாலேயே தெரியும்.

முதல் சோதனைக்கு உங்களுக்குப் பழகிய வயல் பாதையிலேயே போங்கள். புது டயர் உற்சாகத்தில் தடத்தை விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி அபாயச் சிவப்புப் பலகை நிற்கும் இடங்கள் வடக்கில் இன்னும் இருக்கின்றன, பலகை விழுந்துபோன இடங்களும் இருக்கலாம். வண்டி ஓடிய தடம் தெரியாத காட்டில் ஒரு சில்லும் வைக்க வேண்டாம். சுண்டிக்குளம், மடு வீதிப் பக்கத்துக் காடுகள் 2015 முதல் தேசியப் பூங்காக்கள், அங்கே அனுமதி இன்றிப் போகக்கூடாது.

கடைசியாக, ஸ்பெயார் டயரைக் கீழே இறக்கிப் பாருங்கள். புது அளவு பெட்டிக்குக் கீழே உள்ள இடத்தில் முழுக்க ஏறுகிறதா, சைலன்சரைத் தொடுகிறதா? சங்கிலி துருப்பிடித்து இறுகியிருந்தால் புரட்டாதிக்குள்ளேயே கிரீஸ் போட்டு இரண்டு தரம் ஏற்றி இறக்குங்கள். ஜக்குக்குக் கீழே வைக்க ஓர் அடி சதுரப் பலகையும் புது நட்டுக்குப் பொருந்தும் திறப்பும் வண்டிக்குள் இருக்கட்டும். பழைய திறப்பு புது நட்டுக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரிய வந்தது பாவற்குளப் பக்கம், இருட்டிய பிறகு.